யே ஜோ ஹை ஜிந்தகி (தொலைக்காட்சித் தொடர்)

யே ஜோ ஹை ஜிந்தகி, 1984ஆம் ஆண்டு தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் தொடங்கிய இந்தி நகைச்சுவைத் தொடர். இந்தியத் தொலைக்காட்சியின் முதல் சூழ்நிலை நகைச்சுவைத் தொடர் என்று பரவலாகக் குறிப்பிடப்படுவது இதுவே. வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு, வாரம் ஒரு பகுதியாக, அரை மணி நேரம் ஒளிபரப்பானது. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பகுதிகளோடு நின்றுவிட்டது. வாரக் கணக்கில் பார்த்தால் ஓராண்டைக் கொஞ்சம் தாண்டிய ஆயுள். ஆயிரம் பகுதி கடந்த தமிழ்த் தொடர்களைப் பார்த்து வளர்ந்த இன்றைய மாணவருக்கு இது மிகச் சிறிய கணக்காகத் தோன்றும்.

தலைப்பு ஓர் அரைகுறை வாக்கியம். தமிழில் சொல்வதானால் 'இந்த வாழ்க்கை இருக்கிறதே...' என்று இழுத்து நிறுத்துவது போல. மீதியைக் கேட்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். தலைப்புப் பாடலைப் பாடியவர் கிஷோர் குமார்.

ஓர் இந்தித் தொடரைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதுவானேன் என்று கேட்கலாம். 'சூழ்நிலை நகைச்சுவை' என்றால் என்ன என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. காரணம், இந்தி தெரியாத நாங்கள் இதைப் பார்த்துச் சிரித்தோம். வசனம் புரியாத இடத்திலும் சிரிப்பு வந்தது என்றால், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பற்றியது.

பின்னணி

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. மும்பைக்கு 1972இலும், சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15இலும் வந்தது. 1976 ஏப்ரல் 1 வரை தொலைக்காட்சி வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தது. அன்றுதான் தூர்தர்ஷன் தனி அமைப்பாகப் பிரிந்தது. வேளாண்மை, நலவாழ்வு, கல்வி என்று அறிவுரை சொல்லும் நிகழ்ச்சிகளே நிறைய இருந்தன. சிரிப்பதற்கு மேடை நாடகக் குழுக்கள் வந்து நடித்துவிட்டுப் போகும் நாடகங்கள் இருந்தன.

1982 ஆகஸ்ட் 15 முதல் நாடு முழுவதற்கும் பொதுவான தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் வந்தன. அந்த ஆண்டின் இறுதியில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகள் வண்ணத் தொலைக்காட்சியைப் பரப்பின. 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோள் டெல்லியின் நிகழ்ச்சியை நாட்டின் மூலை முடுக்குக்கெல்லாம் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே சிறு நகரங்களில் குறைந்த சக்தி கொண்ட ஒளிபரப்பிகள் வரிசையாக நிறுவப்பட்டன. பார்ப்பவர் எண்ணிக்கை பெருகியது. ஆனால் அவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது என்ற கேள்வி தூர்தர்ஷனின் முன் நின்றது.

முதல் பதில் 1984 ஜூலை 7 அன்று தொடங்கிய 'ஹம் லோக்'. மெக்சிகோவில் குடும்பநலக் கருத்துகளைத் தொடர்கதைகளில் நுழைத்துக் காட்டியதைப் பின்பற்றி உருவானது அது. மனோகர் சியாம் ஜோஷி எழுதினார். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, கதையைப் பற்றி நேயர்களோடு பேசுவார். அதே ஆண்டில் வந்த இரண்டாவது பதில்தான் யே ஜோ ஹை ஜிந்தகி. இதில் அறிவுரை சொல்ல யாரும் வரவில்லை. அரசுத் தொலைக்காட்சியில், சிரிப்பதற்காக மட்டுமே அரை மணி நேரம் ஒதுக்கப்பட்டது அன்றைக்குச் சாதாரணச் செய்தி அல்ல.

மூன்று பேரும் ஒரு விருந்தாளியும்

கதை என்று சொல்ல அதிகம் இல்லை. ரஞ்சித் வர்மா அலுவலகம் போகும் நடுத்தர வர்க்கத்துக் கணவர் (ஷஃபி இனாம்தார்). ரேணு அவருடைய மனைவி (ஸ்வரூப் சம்பத்). ராஜா, ரேணுவின் தம்பி (ராகேஷ் பேடி). வேலை இல்லை, அக்கா வீட்டிலேயே தங்கியிருக்கிறான். இந்த மூவரும் நிலையான பாத்திரங்கள்.

நான்காவது ஆள் சதீஷ் ஷா. அவர் வாரம் ஒரு வேடத்தில் வருவார். ஒரு வாரம் வந்தவர் அடுத்த வாரம் வேறு ஆள். வேறு வயது, வேறு தொழில், வேறு வட்டாரப் பேச்சு. 55 பகுதிகளில் 55 வேடங்கள் செய்தார் என்பது அவரைப் பற்றி எழுதும் எல்லோரும் தவறாமல் குறிப்பிடும் கணக்கு. பின்னர் ரஞ்சித்தின் மேலதிகாரியாக டிக்கு தல்சானியாவும், ஃபரீதா ஜலால், சுலபா ஆர்யா முதலியோரும் சேர்ந்தார்கள். 'இங்கே என்ன நடக்கிறது?' என்ற பொருளில் டிக்கு தல்சானியா கத்தும் ஒற்றை வரி வடக்கே வீடுகளில் குழந்தைகள் வாயில் புழங்கும் அளவுக்குப் பிரபலமானது.

இந்த அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராஜாவுக்கு ஏன் வேலை இல்லை? கதைப்படி அவன் சோம்பேறி என்பதாலோ, நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் என்பதாலோ மட்டும் அல்ல. எழுதுகிறவருக்குப் பகலில் வீட்டில் ஓர் ஆண் தேவை. வாசற்கதவைத் திறக்க, வந்தவரை உள்ளே உட்காரவைக்க, அக்காவிடம் ஒன்றும் மாமாவிடம் வேறொன்றும் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வேலைக்குப் போய்விட்டால் அவன் கதைக்குப் பயன்படமாட்டான். ரஞ்சித் அலுவலகம் போவதும் அப்படித்தான். அவர் மாலை திரும்பி வரும்போது வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியும். பாத்திரத்துக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிந்திருக்கும் அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. மேலதிகாரி என்ற பாத்திரம் வந்ததும் அலுவலகத்து நெருக்கடியையும் வீட்டுக்குள் கொண்டுவர முடிந்தது.

சதீஷ் ஷாவின் வேலை இன்னும் நுட்பமானது. ஒரே வீடு, ஒரே மூவர் என்றால் பத்து வாரத்தில் சலித்துவிடும். புதிய நடிகரை வாரந்தோறும் கொண்டுவந்தால் நேயர்களுக்கு ஒட்டுதல் வராது. ஒரே நடிகரைப் புதுப்புது ஆளாகக் கொண்டுவந்ததால் பழக்கமும் புதுமையும் சேர்ந்தே கிடைத்தன. எங்கள் தெருத் திண்ணையில் இது ஒரு பந்தயமாகவே இருந்தது. 'இன்றைக்கு மீசையா, வழுக்கையா?' என்று கேட்டுக்கொண்டு உட்காருவார்கள்.

சூழ்நிலை நகைச்சுவை என்றால் என்ன

தொடர்கதையில் ஒரு பகுதியின் இறுதியில் நிலைமை மாறியிருக்கும். திருமணம் நின்றிருக்கும், யாராவது வீட்டை விட்டுப் போயிருப்பார். அடுத்த பகுதி அங்கிருந்து தொடங்கும். ஹம் லோக் அப்படிப்பட்டது. சூழ்நிலை நகைச்சுவையில் பகுதியின் இறுதியில் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும். குழப்பம் தீரும், விருந்தாளி போய்விடுவார், ராஜாவுக்கு அடுத்த வாரமும் வேலை இருக்காது. ஆகவே எந்த வாரமும் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். முன்கதை தெரிய வேண்டியதில்லை.

துணுக்குத் தோரணத்திலிருந்தும் இது வேறுபட்டது. துணுக்கில் சிரிப்பு சொல்லில் இருக்கிறது. அதை யார் சொன்னாலும் ஒன்றுதான். சூழ்நிலை நகைச்சுவையில், குறிப்பிட்ட குணமுள்ள ஒருவர் குறிப்பிட்ட இக்கட்டில் சிக்குவதில் சிரிப்பு இருக்கிறது. அதே இக்கட்டில் வேறொருவர் சிக்கினால் சிரிப்பு வராமலும் போகலாம்.

இந்த வடிவத்தின் மூத்த பிள்ளை பிரிட்டனில் பிறந்தது. பி.பி.சி. 1946 நவம்பர் 29 முதல் 1947 மே வரை, லண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து நேரலையாக ஒளிபரப்பிய 'பின்ரைட்ஸ் புராக்ரஸ்' உலகின் முதல் தொலைக்காட்சிச் சூழ்நிலை நகைச்சுவைத் தொடராகக் கருதப்படுகிறது. ஒரு சிறு கடைக்காரரையும் அவருக்கு உதவுவதாக நினைத்து உபத்திரவம் செய்யும் ஊழியர்களையும் பற்றியது. மொத்தம் பத்தே பகுதிகள். பதிவு எதுவும் இல்லை, சில புகைப்படங்கள்தாம் எஞ்சியுள்ளன. அமெரிக்காவில் 1947இல் தொடங்கிய 'மேரி கே அண்ட் ஜானி'யிலும் ஒரு கணவன் மனைவிதான். நடித்தவர்களும் உண்மையில் கணவன் மனைவி. கடையும் குடும்பமும் ஆகிய இந்த இரண்டு களங்களையே உலகம் முழுவதும் நகைச்சுவைத் தொடர்கள் இன்றுவரை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன.

எழுதியவரும் எடுத்தவர்களும்

தொடரை எழுதியவர் சரத் ஜோஷி (1931–1991). உஜ்ஜயினியில் பிறந்தவர், இந்தியின் முதன்மையான அங்கத எழுத்தாளர்களுள் ஒருவர். நவபாரத் டைம்ஸ் நாளிதழில் 'பிரதிதின்' என்ற பத்தியை எழுதினார். 1990இல் பத்மஸ்ரீ பெற்றார். அரசாங்கத்தையும் அதிகாரிகளையும் கூர்மையாகக் கிண்டல் செய்த பேனா அது. தொலைக்காட்சியில் அவர் குடும்பத்துக்குள் நுழைந்தார்.

தயாரித்தவர் எஸ்.எஸ்.ஓபராய். இயக்கியவர்கள் குந்தன் ஷா, மஞ்சுள் சின்ஹா, ரமண் குமார். குந்தன் ஷா புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். இந்தத் தொடருக்கு முந்தைய ஆண்டு, 1983இல், 'ஜானே பி தோ யாரோ' என்ற படத்தை எடுத்திருந்தார். ஊழலைப் பற்றிய அந்தக் கறுப்பு நகைச்சுவைப் படம் வந்தபோது பெரிதாக ஓடவில்லை, பிறகுதான் கொண்டாடப்பட்டது. அதில் சதீஷ் ஷாவுக்கு ஓர் ஊழல் அதிகாரியின் வேடம். படத்தின் பிற்பகுதி முழுவதும் அவர் பிணம். பிணத்துக்குச் சேலை கட்டி மகாபாரத நாடக மேடையில் ஏற்றும் காட்சி புகழ்பெற்றது. அசையாமல் சிரிக்கவைத்த அதே நடிகர், அடுத்த ஆண்டு வாரம் ஓர் ஆளாக அசைந்தார். சதீஷ் ஷாவும் ராகேஷ் பேடியும் கூடப் புனேயில் படித்தவர்களே. ஷஃபி இனாம்தார் நாடக மேடையிலிருந்து வந்தவர். 'அர்த் சத்யா' (1983) படத்தின் காவல்துறை அதிகாரி வேடத்தால் அறியப்பட்டவர். ஸ்வரூப் சம்பத் 1979இன் இந்திய அழகி.

மொழி தெரியாமல் பார்த்தது

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வெள்ளிக்கிழமை என்றால் தொலைக்காட்சி நேயர்களுக்கு 'ஒளியும் ஒலியும்' நாள். சென்னை நிலையம் மாலையில் தமிழ்த் திரைப்பாடல்களைக் காட்டும். புதுச்சேரியின் பண்டசோழநல்லூர் போன்ற ஊர்ப்புறங்களில் சென்னை நிலையத்தைப் பிடிப்பதே ஒரு வித்தை. இரும்புக் குழாயை நீளமாக நட்டு, உச்சியில் மீன்முள் ஏரியலைக் கட்டி, வடக்கே பார்த்துத் திருப்பிவைக்க வேண்டும். காற்று திருப்பிவிட்டால் ஒருவர் மாடியேறித் திருப்ப, இன்னொருவர் கீழே நின்று 'இப்ப தெரியுது, இப்ப போச்சு' என்று குரல் கொடுப்பார். தெருவுக்கு ஒரு பெட்டி, சாலிடேரோ டயனோராவோ, இருந்தாலே பெரிது. பாட்டு முடிந்ததும் கூட்டத்தில் பாதி கலைந்துவிடும். மீதிப் பேர் செய்தியையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், 9 மணிக்கு வருவது இந்தத் தொடர்.

இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து இருபது ஆண்டுகூட ஆகாத காலம் அது. எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. தெரியாது என்பதில் சிலருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தேசிய நிகழ்ச்சி தொடங்கியதும் பெட்டியை அணைத்துவிடும் வீடுகள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. நாட்டின் ஒரே தொலைக்காட்சி இரவின் நல்ல நேரம் முழுவதையும் ஒரு மொழிக்கே பெரும்பாலும் கொடுத்துவிட்டால், மற்ற மொழிக்காரன் என்ன செய்வான்? அந்தக் கோபத்தோடு உட்கார்ந்தவர்களையும் இந்தத் தொடர் சிரிக்கவைத்தது.

எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். சரத் ஜோஷியின் சொல் விளையாட்டு எதுவும் எங்களிடம் வந்து சேரவில்லை. சதீஷ் ஷா மாற்றி மாற்றிப் பேசிய வட்டாரப் பேச்சுகளின் வேறுபாடும் எங்கள் காதுக்குப் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே இந்திதான். எங்களிடம் வந்தது ரஞ்சித்தின் முகம். பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவர் அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்யைத் தேடும்போது ஷஃபி இனாம்தார் கண்ணை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றுவார். மாமாவின் சட்டையைக் கேட்காமல் போட்டுக்கொள்ளும் மைத்துனனை எங்கள் தெருவிலேயே எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அதாவது வசனத்தைக் கழித்துவிட்டால் எஞ்சுவது சூழ்நிலை. அந்த எச்சமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் இதை மிகைப்படுத்தக் கூடாது. நாங்கள் பார்த்தது பாதித் தொடர். பக்கத்தில் இந்தி தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்த நாளில், அவர் சிரித்த இடங்கள் எங்கள் இடங்களைவிட இரண்டு மடங்கு இருந்தன. 'என்ன சொன்னான்?' என்று கேட்டால், 'அதைத் தமிழில் சொன்னால் நன்றாயிருக்காது' என்பார். நகைச்சுவைக்கு மொழியே கிடையாது என்று மேடையில் பேசுபவர்கள் இந்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

விளம்பரதாரர் முறை

தூர்தர்ஷனில் விளம்பரம் 1976 சனவரி 1 முதலே உண்டு. ஆனால் ஒரு நிறுவனம் ஒரு தொடரின் செலவை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகத் தன் விளம்பரத்துக்கு நேரம் பெறும் முறை வலுப்பட்டது இந்தத் தொடர்களால்தான். ஹம் லோக் மேகி நூடுல்ஸை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. யே ஜோ ஹை ஜிந்தகியின் விளம்பரதாரர் விக்கோ நிறுவனம். மஞ்சள் சேர்த்த முகப்பூச்சுக்கும் வஜ்ரதந்தி பற்பொடிக்கும் உரிய நிறுவனம் அது. கொட்டகையில் படம் தொடங்குமுன் தமிழில் கேட்டுப் பழகிய விளம்பரப் பாட்டை இங்கே இந்தியில் கேட்டோம். மெட்டு தெரிந்திருந்ததால் பிள்ளைகள் தமிழிலேயே கூடப் பாடுவார்கள்.

இந்த முறையின் விளைவு பெரிது. படம் எடுப்பது அரசு ஊழியர் கையிலிருந்து வெளித் தயாரிப்பாளர் கைக்கு மாறியது. மும்பையின் திரைப்பட, நாடகக் கலைஞர்கள் தொலைக்காட்சிக்கு வந்தது இந்த வழியில்தான்.

தமிழில்

சூழ்நிலை நகைச்சுவைக்கு வேண்டிய பொருள்கள் தமிழ் மேடையில் அதற்கு முன்பே இருந்தன. கிரேசி மோகனின் நாடகங்களில் கதை மாறினாலும் மாது, சீனு, ஜானகி என்ற பெயர்கள் மாறுவதில்லை. எஸ்.வி.சேகரின் நாடகப்பிரியா, காத்தாடி ராமமூர்த்தியின் குழு ஆகியவற்றின் நாடகங்களிலும் பெரும்பாலும் ஒரு வீட்டுக் கூடமே களம். ஆனால் நம் மேடையின் பலம் சொல். ஒரு வசனத்துக்குக் கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த சிலேடை வந்துவிடும். எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்கள்', தேவனின் கதையிலிருந்து காத்தாடி ராமமூர்த்தி நடித்த 'துப்பறியும் சாம்பு' என்று சென்னைத் தொலைக்காட்சியிலும் அந்த மரபு தொடர்ந்தது. தமிழ் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இவற்றைப் பார்த்தால் அவர் எவ்வளவு சிரிப்பார் என்பது எனக்கு ஐயமே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறு வகை என்கிறேன்.

கணவன், மனைவி, வீடு, அரை மணி நேரத்தில் தீரும் சண்டை என்ற வடிவம் தமிழில் அழகாக அமைந்தது 1998இல் ராஜ் தொலைக்காட்சியில் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி'யில். கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கினார். கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. முதல் பருவத்தில் பிருத்விராஜும் வாசுகியும், இரண்டாம் பருவத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும் நடித்தார்கள்.

பிற்காலம்

குந்தன் ஷா அடுத்து சயீத் மிர்சாவோடு சேர்ந்து 'நுக்கட்' (1986) தொடரைத் தந்தார். தெருமுனையில் கூடும் எளிய மனிதர்களின் கதை அது. பிறகு ஆர்.கே.லக்ஷ்மணின் பாத்திரங்களைக் கொண்டு 'வாக்ளே கி துனியா' (1988) வந்தது. அவர் 2017இல் காலமானார். ஷஃபி இனாம்தார் 1996 மார்ச் 13 அன்று காலமானார். சரத் ஜோஷியின் கதைகளை அடிப்படையாகக் கொண்டு 2009இல் 'லாபதாகஞ்ச்' என்ற தொடர் வெளிவந்தது. சதீஷ் ஷா 2004இல் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' தொடரில் இந்திரவதனாக நடித்து ஒரு புதிய தலைமுறைக்கு அறிமுகமானார். 2025 அக்டோபரில் மறைந்தார்.

ஸ்வரூப் சம்பத் பின்னாளில் கல்வித் துறைக்கு வந்தார். கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளின் வாழ்க்கைத் திறன்களை நாடகத்தின் வழியாக வளர்ப்பது பற்றி இங்கிலாந்தின் வூஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். தொடரில் ரேணுவாக அவரைப் பார்த்தவர்களில் ஆசிரியர்களாகப் போனவர்கள் பலர். அவர்களுக்கு அந்த ஆய்வு நடிப்பைவிடப் பயன்படக்கூடும்.